நாய்க்கு இடுப்பு மூட்டுக் கோளாறு: எந்தச் சிகிச்சை, எப்போது?

எக்ஸ்ரே படத்தைக் காட்டி "இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை, இது ஹிப் டிஸ்ப்ளேசியா" என்று மருத்துவர் சொன்னதும், அதற்குப் பிறகு அவர் சொல்வது எதுவும் பலருக்குக் காதில் ஏறாது. எனக்கும் அப்படித்தான் ஆனது. எங்கள் லாப்ரடாருக்கு அப்போது ஒன்றரை வயது. கேட்டிருக்க வேண்டிய கேள்விகளெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்த முதல் வாரத்தில் யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

உங்கள் நாய்க்கு இன்னும் ஐந்து மாதம் நிறையவில்லை என்றால் முதலில் நான்காவது படியைப் படியுங்கள். அந்த வயதில் நாட்கள் முக்கியம். மற்றவர்களுக்குப் பொறுமையாக யோசிக்கச் சில வாரங்கள் இருக்கின்றன. இன்றே முடிவு சொல்லியாக வேண்டிய நோய் இல்லை இது.

1. மூட்டில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

தொடை எலும்பின் மேல்முனை பந்து போல இருக்கும். அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழல வேண்டும். இந்தக் கோளாறு உள்ள குட்டி பிறக்கும்போது மூட்டு நன்றாகத்தான் இருக்கும். வளர வளர மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் திசுக்கள் தளர்ந்துவிடும். பந்து கிண்ணத்துக்குள் நிற்காமல் ஆடும். ஆட ஆடக் கிண்ணம் ஆழமில்லாமல் தட்டையாகும், குருத்தெலும்பு தேயும், அந்த ஆட்டத்தை நிறுத்த உடம்பே ஓரங்களில் புது எலும்பைப் படிய வைக்கும். அதுதான் பிற்காலத்து மூட்டுத் தேய்மானம்.

இதனால் வலி பெரும்பாலும் இரண்டு பருவங்களில் வருகிறது. முதல் பருவம் ஏறக்குறைய ஐந்து மாதம் முதல் ஒரு வயது வரை. தளர்ந்த மூட்டின் உறை இழுபடுவதாலும், கிண்ணத்தின் விளிம்பு அடிபடுவதாலும் வரும் வலி இது. பிறகு தசை வளர்ந்து, மூட்டு உறை தடித்ததும், பல குட்டிகளுக்கு இந்த வலி தானாகவே தணிந்துவிடும். அடுத்த பருவம் தேய்மானத்தால் வருவது. அது இரண்டு வயதிலும் வரலாம், பத்து வயதிலும் வரலாம்.

எட்டு மாதக் குட்டி நொண்டுவதைப் பார்த்து, இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வயதில் நன்றாக ஓடுவதைப் பார்த்து நோய் போய்விட்டது என்றும் நினைத்துவிடாதீர்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர், செயின்ட் பெர்னார்ட் போன்ற பெரிய இனங்களில் இது அதிகம். புல்டாக், பக் போன்ற சிறிய உடம்புக்காரர்களுக்கும் உண்டு. பல மரபணுக்கள் சேர்ந்து கொடுக்கும் கோளாறு இது. அதோடு வளரும் வயதில் எடையும் வேகமான வளர்ச்சியும் சேரும்போது மோசமாகிறது. நீங்கள் ஒரு நாள் ஓட விட்டதால் வந்துவிடவில்லை. இதைச் சொல்லக் காரணம், குற்ற உணர்ச்சியில் இருப்பவர்கள் அவசரப்பட்டு எதையாவது செய்துவிடுகிறார்கள்.

2. வலி உண்மையில் இடுப்பிலிருந்துதான் வருகிறதா?

படத்தில் மூட்டு மிக மோசமாக இருக்கும், நாய் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருக்கும். படத்தில் சிறிதாகத்தான் தெரியும், நாய் எழுந்திருக்கவே சிரமப்படும். படத்துக்கும் வலிக்கும் நேரான கணக்கு கிடையாது. அதனால் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்காதீர்கள்.

இடுப்பின் மேல் பழி விழுந்து உண்மையான காரணம் தப்பிவிடுவதும் உண்டு. அதில் முதலிடம் முழங்கால் தசைநார் கிழிவதற்கு. நேற்றுவரை சுமாராக நடந்த நாய் இன்று திடீரென ஒரு பின்னங்காலை ஊன்றவே மறுத்தால் முதலில் முழங்காலைப் பாருங்கள். ஏற்கெனவே இடுப்புக் கோளாறு தெரிந்த நாய் என்றால் இந்தத் தவறு இன்னும் எளிதாக நடக்கும். வயதான ஷெப்பர்ட் வலி எதுவும் காட்டாமல், பின்பாதம் மடங்கி நகம் தரையில் தேய நடந்தால் அது தண்டுவடம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அதற்கு இடுப்பில் அறுவை செய்து பயனில்லை. வளரும் பெரிய குட்டிகளுக்குக் கால் எலும்புகளில் அழற்சி வந்து, ஒரு வாரம் ஒரு கால், அடுத்த வாரம் வேறு கால் என்று நொண்டுவதும் உண்டு. அது தானாகச் சரியாகிவிடும்.

எனவே மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: முழங்காலை ஆட்டிப் பார்த்தீர்களா? முதுகை அழுத்திப் பார்த்தீர்களா? இடுப்பைப் பின்னால் நீட்டும்போது இவனுக்கு வலிக்கிறதா? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

சரியான எக்ஸ்ரேவுக்கு நாயை மயக்கத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை நேராக நீட்ட வேண்டும். அதே மயக்கத்தில் ஆர்டொலானி சோதனையும் செய்வார்கள். பந்து கிண்ணத்திலிருந்து விலகித் திரும்ப உள்ளே விழும் 'டக்' என்ற உணர்வைக் கையால் பார்க்கும் சோதனை அது. மூட்டு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை எண்ணாகவே சொல்லும் பென்ஹிப் முறையும் இருக்கிறது. அதை 16 வார வயதிலேயே செய்யலாம்.

3. ஒரு வாரம் எழுதி வையுங்கள், வீடியோ எடுங்கள்

மருத்துவமனைக்குள் போனதும் பயத்திலும் பரபரப்பிலும் நாய் வலியை மறைத்துவிடும். வீட்டில் மட்டுமே தெரியும் விஷயங்களை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். படுத்து எழுந்ததும் எத்தனை அடி விறைப்பாக நடக்கிறது? ஓடும்போது இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல்போலத் தாவுகிறதா? படி ஏறத் தயங்குகிறதா? உட்காரும்போது இடுப்பை ஒரு பக்கம் சாய்க்கிறதா? நடையிலிருந்து திரும்ப யார் விரும்புகிறார்கள், நீங்களா நாயா? தொடைத் தசை வற்றி, தோள் மட்டும் பருத்திருக்கிறதா? பின்பக்கம் தொட்டால் உறுமுகிறதா?

பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று என நடக்கும் வீடியோ இரண்டு எடுத்துத் தேதியோடு வையுங்கள். மூன்று மாதம் கழித்து 'மருந்து வேலை செய்கிறதா' என்ற கேள்வி வரும்போது நம் நினைவை நம்ப முடியாது. நானே தினம் பார்த்துப் பழகியதால் எங்கள் நாயின் தொடை மெலிந்ததைக் கவனிக்கவில்லை. பழைய வீடியோவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

4. வயதைப் பாருங்கள், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தெரியும்

சில அறுவை சிகிச்சைகளுக்கு வயது வரம்பு உண்டு. அது கடந்துவிட்டால் திரும்ப வராது.

12 முதல் 20 வாரத்துக்குள் இருக்கும் குட்டிக்கு, இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் உள்ள வளர்ச்சித் தட்டைச் சூடு வைத்து மூடிவிடும் சிறிய அறுவை சிகிச்சை உண்டு. அந்த இடம் வளராமல் நின்றுவிட, மற்ற பகுதி வளரும்போது கிண்ணம் தானாகத் திரும்பிப் பந்தை நன்றாக மூடிக்கொள்ளும். எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு பலன், ஐந்து மாதத்துக்குப் பிறகு பலனில்லை. சிக்கல் என்னவென்றால் அந்த வயதில் குட்டி நொண்டவே நொண்டாது. தாய் தந்தைக்கு இந்தக் கோளாறு இருந்தது என்று தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் 16 வாரத்திலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது. இதைச் செய்த குட்டிக்குக் கருத்தடையும் செய்துவிட வேண்டும். மூட்டு பார்வைக்கு நன்றாக இருக்கும், மரபணு அப்படியே இருக்கும்.

ஏறக்குறைய ஐந்து முதல் பத்து மாதம் வரை, தேய்மானம் இன்னும் தொடங்கவில்லை என்றால், இடுப்பெலும்பை இரண்டு மூன்று இடங்களில் வெட்டிக் கிண்ணத்தைத் திருப்பித் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. நாயின் சொந்த மூட்டைக் காப்பாற்றும் கடைசி வாய்ப்பு அது. படத்தில் தேய்மானம் தெரிந்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிட்டது.

அதற்குப் பிறகு இருப்பவை இரண்டு: பந்தை வெட்டி எடுப்பது, அல்லது மூட்டையே மாற்றுவது. இவற்றுக்கு அவசரமில்லை. மருந்தும் எடைக் குறைப்பும் போதவில்லை என்று தெளிவான பிறகு போகலாம். ஆனால் தொடைத் தசை முழுதும் வற்றும்வரை தள்ளிப்போட்டால் மீண்டு வருவது கடினமாகும்.

5. எடை

இந்தப் பகுதியை யாரும் விரும்பிப் படிப்பதில்லை. ஆனால் எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தாலும் இது இல்லாமல் மற்றது பாதிதான் வேலை செய்யும் என்பது என் உறுதியான எண்ணம்.

48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. உடன்பிறந்த குட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவாகக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 13 வயது வரை இருந்தன, மற்றவை 11.2 வயது. இடுப்புத் தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரிந்த வயது அதைவிட வியப்பு: நன்றாகச் சாப்பிட்டவற்றில் பாதிக்கு ஆறு வயதிலேயே தெரிந்துவிட்டது, அளவாகச் சாப்பிட்டவற்றில் பாதியை எட்ட 12 வயது ஆனது. வேறெந்த மருந்தும் இவ்வளவு தூரம் தள்ளிப்போட்டதாக நான் படித்ததில்லை.

குண்டான நாய் ஏற்கெனவே நொண்டுகிறதா? உடல் எடையில் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தாலே நொண்டுவது குறைவதை இன்னோர் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். 35 கிலோ நாய்க்கு அது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும். உணவைக் கிண்ணத்தால் அளக்காமல் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள். ஒரே கிண்ணத்தில் ஆளாளுக்கு வேறு அளவு விழும். தின்பண்டம் ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம் குறைந்தால் போதும். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். யாரோ ஒருவர் மேசைக்கு அடியில் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

வளரும் பெரிய இனக் குட்டி என்றால் அதற்கென்று உள்ள உணவு போதும். தனியாகக் கால்சியம் கொடுக்காதீர்கள். எலும்பு பலமாகும் என்று நினைத்துக் கொடுப்பது எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

6. வலி மருந்து

மனிதர்களுக்கான வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் எல்லாம் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும்.

நாய்களுக்கென்று உள்ள அழற்சி குறைக்கும் மருந்துகள்தான் சிகிச்சையின் முதுகெலும்பு. கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்ஸிப் ஆகிய மூன்றும் பரவலாகத் தரப்படுபவை. தொடங்கும் முன் கல்லீரல், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், நீண்ட நாள் கொடுத்தால் இடையிடையேயும் பாருங்கள். வாந்தி, பசியின்மை, கருப்பான மலம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரை அழையுங்கள். ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. வேறு யாரிடமாவது தோல் அரிப்புக்கு ஊசி போட்டிருந்தால், அது ஸ்டீராய்டாக இருக்கலாம், அதையும் சொல்லுங்கள்.

இது போதாதபோது கேபாபென்டின், அமாண்டடீன் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். மாதம் ஒருமுறை போடும் பெடின்வெட்மாப் ஊசியும் இப்போது இருக்கிறது. பல வயதான நாய்களுக்கு நல்ல பலன் கொடுக்கிறது. ஆனால் தள்ளாட்டம், வலிப்பு போன்ற பக்கவிளைவுகள் பதிவானதால் 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு கால்நடை மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. முதல் ஊசிக்கு முன் இதைப் பற்றிக் கேட்டுப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

துணை மருந்துகளில் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3க்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. குளுக்கோசமைனுக்கு ஆதாரம் பலவீனம். அதற்குச் செலவாகும் பணத்தைப் பிசியோதெரபிக்குக் கொடுப்பேன்.

7. நடையும் வீட்டுத் தரையும்

முழு ஓய்வு தசையை வற்ற வைக்கும். தசைதான் அந்த ஆடும் மூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. வாரம் முழுக்க வீட்டில் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஓடுவதுதான் மிகக் கெடுதல். தினமும் இரண்டு மூன்று முறை, கயிற்றில், மென்மையான தரையில், நாய் களைப்பதற்கு முன்பே திரும்பும் அளவுக்கு நடத்துங்கள். பந்தை எறிந்து பிடிக்க வைப்பதை விட்டுவிடுங்கள். திடீர்த் திருப்பமும் நிறுத்தமும் மூட்டுக்கு ஆகாது. நீந்துவதும், தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில்லும், எடையை ஏற்றாமல் தசையை வளர்க்கும்.

வழுக்கும் தரையில் விரிப்பு போடுங்கள், பாதத்தின் அடியில் வளர்ந்த முடியை வெட்டுங்கள், காருக்குச் சாய்வுப் பலகை வையுங்கள். இத்தனை எளிய வேலைகள், ஆனால் விரிப்பு போட்ட முதல் நாளே எங்கள் நாய் எழுந்திருக்கும் விதம் மாறியது.

8. பந்தை வெட்டுவதா, மூட்டை மாற்றுவதா?

மூன்று மாதம் எடை, மருந்து, பயிற்சி எல்லாம் ஒழுங்காகச் செய்தும் வலி அடங்கவில்லை என்றால் இந்தக் கேள்விக்கு வருகிறோம்.

பந்தை வெட்டி எடுத்துவிட்டால் எலும்போடு எலும்பு உரசாது. அந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து போலி மூட்டு உருவாகும். காலைத் தசை தாங்கும். 20 கிலோவுக்குக் கீழ் உள்ள நாய்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. பெரிய நாய்களுக்கும் செய்கிறார்கள், வலி குறைகிறது, ஆனால் நடை முழு இயல்புக்கு வருவது நிச்சயமில்லை. கால் சற்றுக் குட்டையாகும். செலவு குறைவு.

மூட்டு மாற்றில் பந்தும் கிண்ணமும் இரண்டுமே செயற்கை. நாய்களுக்கு இது 1970களிலிருந்து செய்யப்படுகிறது. தேர்ந்த கைகளில் பத்தில் ஒன்பது நாய்களுக்கு மேல் நல்ல பலன், பெரிய நாய்க்கும் ஏறக்குறைய இயல்பான நடை. ஆனால் மூட்டு நழுவுதல், கிருமித் தொற்று, எலும்பு முறிவு என்று ஏதாவது தவறினால் அது பெரிய தவறாக இருக்கும், மறு அறுவை வேண்டியிருக்கும். தோலிலோ பல்லிலோ சீழ் இருந்தால் அதை முதலில் குணப்படுத்த வேண்டும், இல்லையென்றால் கிருமி ரத்தத்தின் வழியே புது மூட்டுக்குப் போகும். இரண்டு பக்கமும் மோசமாக இருந்தாலும் பெரும்பாலான நாய்களுக்கு ஒரு பக்கம் மாற்றினாலே போதுமானதாகிவிடுகிறது. அதனால் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டும் முன் ஒன்றைச் செய்துவிட்டுப் பொறுத்துப் பாருங்கள்.

புதியவர்கள் குழம்பும் இடம் அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு. இரண்டுக்கும் அது நேர் எதிர். பந்தை எடுத்த நாயைச் சில நாட்களிலேயே நடக்க வைக்க வேண்டும். வலி மருந்தைக் கொடுத்து, காலை மெதுவாக மடக்கி நீட்டி, ஊன்ற வைக்க வேண்டும். 'பாவம், படுத்திருக்கட்டும்' என்று விட்டால் மூட்டு இறுகிக் கால் தொங்கிவிடும். மூட்டு மாற்றிய நாயையோ ஆறு முதல் பன்னிரண்டு வாரம் சிறிய இடத்தில் அடக்கி, கயிற்றில் மட்டும் வெளியே கொண்டுபோக வேண்டும். ஒரு தாவல், ஒரு வழுக்கல், புது மூட்டு நழுவிவிடும். துள்ளிக் குதிக்கும் இரண்டு வயது நாயை மூன்று மாதம் அப்படி வைத்திருக்க உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறதா என்பது பணத்துக்கு நிகரான கேள்வி.

அறுவை செய்பவரிடம் கேளுங்கள்: இந்த அறுவையை இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்? உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு மூட்டு நழுவியது? தவறினால் மறு அறுவையை நீங்களே செய்வீர்களா, அதன் செலவு யாருடையது? பிறகு யார் பிசியோதெரபி தருவார்கள்? எண்ணாகப் பதில் சொல்பவரிடம் போங்கள்.

9. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் விதம்

எட்டு மாத ஷெப்பர்ட், மூட்டு தளர்ந்திருக்கிறது, தேய்மானம் இல்லை: கிண்ணத்தைத் திருப்பும் அறுவைக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று அந்த வாரமே நிபுணரைப் பார்ப்பேன். இல்லையென்றால் ஒல்லியாக வைத்து, மருந்தோடு வளர்ச்சி முடியும் வரை காத்திருப்பேன்.

நான்கு வயது லாப்ரடார், ஐந்து கிலோ அதிக எடை, நடந்த மறுநாள் விறைப்பு: அறுவை பற்றிப் பேசவே மாட்டேன், அந்த ஐந்து கிலோ இறங்கும் வரை. எங்கள் நாய் அப்படித்தான் தப்பியது. இன்றும் அறுவை இல்லாமல் நடக்கிறது.

மூன்று வயது ராட்வைலர், ஒல்லி, மருந்து முழு அளவில், இருந்தும் இரவில் முனகுகிறது: மூட்டு மாற்றுக்கு மிகப் பொருத்தமான நாய் இதுதான். முன்னால் பல வருடங்கள் இருக்கின்றன.

பன்னிரண்டு வயது, சிறுநீரகம் பலவீனம்: மருந்தின் அளவைக் கவனமாகக் கூட்டிக் குறைத்து, விரிப்பு, வெதுவெதுப்பான படுக்கை, இடுப்பைத் தாங்கிப் பிடிக்கும் துணிப்பட்டை. நல்ல நாட்களையும் கெட்ட நாட்களையும் நாட்காட்டியில் குறியுங்கள். கெட்ட நாட்கள் அதிகமாகி, மருந்தில் கூட்ட எதுவும் மிச்சமில்லை என்றால், வலியில்லாமல் விடைகொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், தொடங்கும் நாளிலேயே அடுத்த சோதனைக்கு நாள் குறித்துவிடுங்கள். மருந்து தொடங்கினால் நான்கு வாரம், எடைக் குறைப்புக்கு மூன்று மாதம். அன்று பழைய வீடியோவையும் எடை எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோங்கள். அப்புறம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: குட்டியைக் கொடுத்தவரிடம் இந்த எக்ஸ்ரே முடிவைச் சொல்லுங்கள். அதே ஈற்றில் பிறந்த மற்ற குட்டிகள் வேறு வீடுகளில் வளர்ந்துகொண்டிருக்கும், அவற்றில் சிலவற்றுக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.